போ ஜாக்சனுக்கு ஏன் இடமில்லை?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பந்தைச் சுமந்து ஓடும் வீரரான போ ஜாக்சனின் பழைய ஆட்டங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓஹியோவில் காண்டன் நகரத்தில், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை என்று அறிந்தபோது எரிச்சல்தான் வந்தது. இடுப்பு போனது அவர் குற்றமா? கேல் சேயர்ஸுக்கும் டெரல் டேவிஸுக்கும் முழங்கால் போனது. அவர்களுக்கு இடம் உண்டு, இவருக்கு மட்டும் இல்லையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்ததில் 1987 நவம்பர் 30 அன்று நடந்த சியாட்டில் ஆட்டம் நிச்சயம் இருந்திருக்கும். 91 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல், மைதானத்தின் சுரங்கப்பாதைக்குள் போய் மறைந்துவிடுவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் என் ஓட்டு அவருக்கு இல்லை.

அவர் ஆடிய நான்கு பருவங்களும் முழுப் பருவங்கள் அல்ல. பேஸ்பாலை முடித்துக்கொண்டுதான் ரெய்டர்ஸ் என்ற கால்பந்து அணிக்கு வருவார். கால்பந்து தனக்குப் பொழுதுபோக்கு என்று அவரே சொன்னவர். எந்தப் பருவத்திலும் 11 ஆட்டங்களுக்கு மேல் இல்லை. மொத்தம் 38 ஆட்டங்கள், 2,782 கெஜம். 1991 ஜனவரியில் இடுப்பு போவதற்கு முன்பே கணக்கு இப்படித்தான் இருந்தது. காயத்தின் மீது எல்லாப் பழியையும் போட முடியாது.

சேயர்ஸ் ஆடியதும் 68 ஆட்டங்கள்தான். ஆனால் 1965 டிசம்பரில், சிகாகோவின் சேற்று மைதானத்தில், மற்றவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுத்தார். 1968இல் வலது முழங்கால் கிழிந்தது. மறு ஆண்டே திரும்பி வந்து, அதிகக் கெஜம் ஓடியவர் என்று லீகிலேயே முதலிடம் பிடித்தார். அதன்பிறகு இடது முழங்கால். 34 வயதில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்.

டேவிஸ் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அவருக்குப் பின் டென்வரில் அதே இடத்தில் ஓடிய இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்கள். அப்படியென்றால் பெருமை அவருடையதா, முன்னால் நின்று வழி உண்டாக்கிய தடியர்களுடையதா? நியாயமான சந்தேகம்தான். எனக்கு அதைத் தீர்த்துவைத்தது 1998 ஜனவரியின் சூப்பர் பௌல், அதாவது லீகின் இறுதிப்போட்டி. ஒற்றைத் தலைவலி வந்து அவருக்குக் கண் தெரியவில்லை. அப்படியும் பயிற்சியாளர் அவரை உள்ளே அனுப்பினார். அவர் நிற்காவிட்டால் எதிரணி ஏமாறாது. பந்து இல்லாமலே ஓடினார், எதிரணி அவரைத் துரத்தியது, டென்வரின் ஆட்டத்தை நடத்தும் வீரரான எல்வே பந்தோடு கோட்டைத் தாண்டினார். பார்வை தெளிந்தபின் திரும்பி வந்து, மொத்தம் 157 கெஜம், மூன்று டச் டவுன் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அதே ஆண்டில் தொடங்கிய அடுத்த பருவத்தில் 2,008 கெஜம், இன்னொரு கோப்பை. 1999இல் முழங்கால் போனபோது செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்திருந்தார். 2017 வரை காக்கவைத்ததுதான் அநியாயம்.

ஜாக்சனிடம் நாம் மயங்குவது, அவர் ஓடாத ஓட்டங்களையும் சேர்த்து. எனக்கும் அந்த மயக்கம் உண்டு. அதற்கு ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான்.

இன்றிரவு அவருடைய 1993 ஏப்ரல் பேஸ்பால் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். செயற்கை இடுப்போடு வந்து நின்று, முதல் முறை மட்டையைச் சுழற்றும்போதே ஹோம் ரன் அடிக்கிறார்.