தண்டவாளத்தைப் பிடுங்கியது யார்?

கேள்வி: எங்கள் ஊர் ரயில் நிலையம் ரப்பருக்காகக் கட்டப்பட்டது, போர்க் காலத்தில் தாய்லாந்து–பர்மா இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதைக்காக ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கியதால் மூடப்பட்டது. தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரில் இப்படி எழுதப் போகிறோம். நிலையத்தின் பின்னால் கிடந்த தண்டவாளத் துண்டின் படமும் உண்டு. சரிதானே?
– வாசகர், சிலியாவ்

பதில்: இரண்டுமே தவறு. அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நிலையம் இருந்த சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதை திறந்தது 1891இல். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக நட்டதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி இந்தச் சுமார் 24 மைலைப் போட்டது, சிரம்பான் பக்கத்து வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்ற. 1908இல் அது அரசு ரயில்வேயின் கைக்கு வந்தது. ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வந்தபோது கம்பிச்சடக்கு (ரயில் பாதை) ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஜப்பான்காரன் பிடுங்கியது தம்பின்–மலாக்கா பாதையை. பக்கத்துக் கிளை, அதுவும் கடலை நோக்கிப் போவது. கதை மாறியதில் வியப்பில்லை. 1905இல் திறந்த அந்தப் பாதை போருக்குப் பின் திரும்பப் போடப்படவே இல்லை. கிழக்குக் கரைப் பாதையிலும் நீண்ட பகுதி போயிற்று, அதை 1950களில்தான் சீர்செய்து முடித்தார்கள். உங்கள் பாதையிலோ போர் முடிந்து பல பத்தாண்டுகள் வண்டி ஓடியது. கடைசிக் காலத்தில் எண்ணெய்ச் சரக்குதான். ரயிலிடமிருந்து பயணிகளைப் பறித்தது பஸ், மற்றச் சரக்கைப் பறித்தது லாரி. வீரக் கதை இல்லைதான், என்ன செய்வது!

இனி அந்தப் படம். பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட வைக்காமல் எடுத்த படம் எதற்கும் ஆதாரமாகாது. முதலில் துண்டின் உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைவென்றால் அது பெரும்பாலும் தோட்டத்து டிராலி (சிறு சரக்கு வண்டி) ஓடிய கம்பி. கஜத்துக்கு 80 ராத்தல் எடையுள்ள முக்கியப் பாதைத் தண்டவாளம் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். இரண்டு கம்பியும் இடம் மாறாமல் கிடந்தால் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளவெடுங்கள்: ரயிலுக்கு 1,000 மில்லிமீட்டர், டிராலிக்கு அதைவிட நன்றாகக் குறையும்.

அடுத்து, கம்பியின் நடுப்பக்கத்தில் புடைத்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடவி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தயாரித்த ஆலை, ஆண்டு, எடை தெரியும். ஆனால் அது ஆலையில் உருட்டிய ஆண்டு; பாதை போட்ட ஆண்டு அல்ல. முக்கியப் பாதையில் தேய்ந்த கம்பியைக் கழற்றிக் கிளைப் பாதைக்கும் பக்கப் பாதைக்கும் போடுவது ரயில்வேயின் வழக்கம். ஆண்டு மலர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அளந்ததும் அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள், வீட்டுக்குத் தூக்கிவர வேண்டாம். அது உங்கள் சொத்தல்ல.

நிலையத்தில் வண்டி எப்போது நின்றது, எப்போது நிற்காமல் போனது என்பதைப் பழைய கால அட்டவணைகளில் ஆண்டுவாரியாகத் தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அக்காலத்து எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் அகப்படும்.

மரண ரயிலை விட்டுவிடச் சொல்லவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். தண்டவாளத்துக்கு ஒதுக்கிய பக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள்: உங்கள் ஊர்த் தோட்டங்களிலிருந்து போனவர் பெயர், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), திரும்பி வந்தாரா இல்லையா, சொன்னவர் யார், சொன்ன தேதி. உறவினர் சம்மதம் வாங்கிக்கொண்டு அச்சிடுங்கள்.