கோல்டன் டான்: கிரீஸ் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், கோல்டன் டான் என்கிற நவநாஜிக் கட்சி கிரீஸ் நாடாளுமன்றத்துக்குள் எப்படி வந்தது?

ப: 2009-ல் 0.29 சதவீத ஓட்டு. 2012 மே மாதம் 6.97 சதவீதம், 21 இடம். நடுவே பொருளாதார நெருக்கடி; 2010-ல் ஐரோப்பிய நாடுகளும் சர்வதேச நிதியமும் கொடுத்த 11,000 கோடி யூரோ கடன், அதற்கு ஈடாகச் சம்பளமும் பென்ஷனும் வெட்டு. 2011 நவம்பரில் இரு பெரிய கட்சிகள் சேர்ந்து அமைத்த அரசில் லாவோஸ் என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கும் பந்தியில் இலை போட்டார்கள். அடுத்த தேர்தலில் லாவோஸ் மண்ணைக் கவ்வியது; அதைவிடக் கொடிய கோல்டன் டான்காரர்கள் உள்ளே வந்தார்கள். அதற்கு முன்பே ஏதென்ஸில் குடியேறிகளின் பிள்ளைகள் விளையாடக் கூடாதென்று ஒரு தேவாலயத்தை ஒட்டிய பூங்காவையே பூட்டியிருந்தார்கள். 2010-ல் கட்சித் தலைவர் மிகாலோலியாகோஸ் அந்த நகரசபைக்கு உறுப்பினரும் ஆனார்.

கே: ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுத்தார்களே?

ப: அடையாள அட்டையைக் காட்டிக் கிரேக்கர் என்று நிரூபித்தவர்களுக்கு மட்டும். அதற்குப் பெயர் தர்மம் இல்லை.

கே: வேலையில்லாத் திண்டாட்டம்தானே காரணம்?

ப: 2013-ல் கிரீஸில் வேலையின்மை 27 சதவீதம், ஸ்பெயினில் 26. ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் அப்போது இப்படியொரு கட்சி கிடையாது. வாக்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அங்கே தலையெடுத்தது 2018-ல், வேலையின்மை குறைந்துகொண்டிருந்தபோது. தயவுசெய்து பசியின் மேல் பழி போடாதீர்கள்.

கே: பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் சார். 0.29 ஏழானது நெருக்கடியில்தானே?

ப: நெருக்கடியில்தான், மறுக்கவில்லை. பழைய கட்சிகள் மேலிருந்த நம்பிக்கையை அதுதான் உடைத்தது. ஆனால் 2012 ஜூனில் அதே பசிக்காரர்களின் நாட்டில் இடதுசாரிக் கட்சியான சிரிசாவுக்கு 26.9 சதவீதம் கிடைத்தது. கோபம் எந்தப் பக்கம் போகும் என்பதை வயிறு தீர்மானிக்கவில்லை. பூங்காவுக்குப் பூட்டுப் போட்டபோது யார் சும்மா இருந்தார்கள் என்று பாருங்கள்.

கே: ஹிட்லர் வந்தது பணவீக்கத்தால்தானே?

ப: இல்லை. பணவீக்கம் உச்சம் தொட்டது 1923-ல். 1928-ல் நாஜிகளுக்கு 2.6 சதவீதம்தான்.

கே: பிரேசில் பற்றிச் சொல்லுங்களேன்?

ப: அது என் துறை இல்லை.

கே: கடைசியில் எப்படி ஒடுக்கினார்கள்?

ப: 2013 ஜனவரியில் பாகிஸ்தான் தொழிலாளி ஷாசாத் லுக்மான், விடியுமுன் சைக்கிளில் வேலைக்குப் போகையில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவன் வீட்டில் கட்சித் துண்டறிக்கைகள் கிடைத்தன. தலைமையை யாரும் தொடவில்லை. செப்டம்பரில் கிரேக்க ராப் பாடகர் பாவ்லோஸ் ஃபிசாஸ் கொல்லப்பட்ட பிறகே தலைவர்கள் கைதானார்கள். அந்த எட்டு மாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2015-ல் தொடங்கிய விசாரணைக்கு ஃபிசாஸின் தாய் மக்தா வருடக்கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தார். கோல்டன் டான் ஒரு குற்றக் கும்பல் என்று 2020 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தபோதும் அவர் அங்கே இருந்தார்.