குழுவில் கேட்டால் ஏன் யாரும் பதில் சொல்வதில்லை?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறோம். நான் எது கேட்டாலும் பதிலே வருவதில்லை. என் செய்திகள் சிலவற்றை அனுப்பியிருக்கிறேன். என்ன குறை?
- தாம்பரம் வாசகி

பதில்: படித்தேன். உங்கள் செய்திகளில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் படிப்பவர் எந்த நிலையில் படிக்கிறார் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. அவர் வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போனைத் திறக்கிறார். படிக்காத செய்திகள் எண்பது கிடக்கின்றன. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார்.

அவர் கண்ணில் உங்கள் செய்தி இப்படிப் படுகிறது: ‘வணக்கம்’, ‘ஒரு விஷயம்’, ‘மோட்டார் ஓடல’, ‘யாராவது பாருங்க’. நான்கு முறை எல்லோர் போனும் சிணுங்கியிருக்கிறது. நடுவில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தும் புகுந்துவிட்டது. எந்த மோட்டார், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ‘யாராவது’ என்று கேட்டதால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதையே ஒரே செய்தியாக எழுதிப் பாருங்கள்: ‘பி பிளாக் போர்வெல் மோட்டார் காலை 6 மணியிலிருந்து ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நம்பர் இருப்பவர்கள் அனுப்புங்கள். சரியாகும்வரை பி பிளாக்கில் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்.’ ஏ பிளாக்காரர் முதல் சொல்லிலேயே கடந்து போய்விடலாம். அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதும் மரியாதைதான்.

அடுத்தது, ‘ஆமாம், அதுவே சரி’ என்ற உங்கள் பதில். எது சரி? 1995 அக்டோபரில் வெளியான ‘ஆர்எஃப்சி 1855’ என்ற இணைய நடத்தை வழிகாட்டி இதற்கு வழி சொல்கிறது: மூலச் செய்தியைச் சுருக்கியோ, விஷயம் புரியும் அளவுக்கு அதில் கொஞ்சம் எடுத்துப் போட்டோ பதில் எழுத வேண்டும். அக்கால விவாதக் குழுக்களில் செய்தி ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும். கேள்விக்கு முன்பே பதில் வந்து சேர்வதும் உண்டு. எண்பது செய்திக்கு நடுவே சிக்கியவருக்கும் இன்று அதே திண்டாட்டம்தான். கேள்வியை வலப்பக்கம் இழுத்துவிட்டுப் பதில் எழுதுங்கள், அதுவே மேலே ஒட்டிக்கொள்ளும்.

மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். பேசுபவருக்குச் சுலபம், கேட்பவருக்குத் தொல்லை. மீட்டிங்கில் இருப்பவரால் கேட்க முடியாது. நாளைக்குத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். டைப் செய்யச் சிரமப்படும் பெரியவர்கள் அனுப்பினால் அது வேறு. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் அதன் சாரத்தை இரண்டு வரியில் கீழே எழுதிவிடலாம்.

தவறாக எழுதிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸ்அப் அனுமதிக்கிறது. எழுத்துப்பிழைக்கு அது போதும். ஆனால் கூட்டத்தின் தேதியையே மாற்றினால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். ஏற்கெனவே படித்தவர் பழைய தேதிக்குத்தான் வந்து நிற்பார். ‘தேதி மாறியிருக்கிறது’ என்று தனியாகப் போடுங்கள்.

அப்புறம், மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதையும் குழுவில் சொல்லிவிடுங்கள், யார் சரிசெய்தார், எவ்வளவு செலவானது என்ற விவரத்தோடு. அடுத்த முறை மோட்டார் நின்றால் தேடிப் பார்ப்பவருக்கு உதவும்.