பழைய லேண்ட் ரோவர் வாங்கலாமா? டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

குறைந்த பணத்தில் ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கிச் சரிசெய்ய நினைக்கும் நம்மவர்கள் இந்தத் தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் என்று பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் அதிகம் கைவைத்தது லேண்ட் ரோவரின் ஆரம்பகால மாடல்களான சீரிஸ் வண்டிகளில். அதனால் பேச்சு அடிக்கடி அங்கேதான் போகும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: இரண்டு சீரிஸ் 3 பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று டர்பனில், நன்றாக ஓடுகிறது, புதுப் பெயின்ட், அடியில் புதிதாகத் தார் பூசியிருக்கிறார்கள். இன்னொன்று உள்நாட்டு வறண்ட பகுதியான கரூ பக்கம் ஒரு பண்ணையில் கிடக்கிறது, எஞ்சின் ஓடவில்லை, பாதி விலை. எதை வாங்கட்டும் அண்ணே?

கரூ வண்டியைப் போய்ப் பாருங்கள் தம்பி. எஞ்சின் ஓடாதது பெரிய விஷயமே இல்லை. 2286 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இன்னும் கிடைப்பார், உதிரிபாகமும் புதிதாகவே வருகிறது. சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அரித்துப்போனால்தான் பணம் போகும்.

இந்த வண்டியின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காது. அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கீழே உள்ள சேசிஸ் இரும்பு, அதுவும் பெட்டி போல உள்ளே கூடானது. டர்பன் கடற்காற்றில் ஈரம் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் தெரியும்போது பாதி போயிருக்கும். கரூவின் வறண்ட காற்றில் ரப்பர், சீல் எல்லாம் காய்ந்து வெடிக்குமே தவிர இரும்பு பிழைக்கும். ரப்பர் மலிவு.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோங்கள். வண்டிக்குக் கீழே படுத்து, பின்னால் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்திலிருந்து ஆரம்பித்து முன்பக்கம் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘கணீர்’ என்று கேட்கும். அரித்த இடத்தில் ‘தொப்’ என்று அடங்கிவிடும், உள்ளே துருத்தூள் சரசரவென்று விழும் சத்தமும் கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும், உடம்பைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகளையும் விடாதீர்கள். அப்புறம் கால்மிதியைத் தூக்கிவிட்டு, எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே நிற்கும் இரும்புச் சுவரைப் பாருங்கள். கால் வைக்கும் குழியும் கதவுத் தூணின் அடியும் ஓட்டையாக இருந்தால் வெல்டிங் கூலியே வண்டி விலையைத் தொடும்.

டர்பன் வண்டியில் புதுத் தார் பூசியிருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. தட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். மீதி கட்டாயம் தேவைப்படும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சகோதரி: அப்பாவின் லேண்ட் ரோவர் மாமரத்தடியில் வருஷக்கணக்காக நிற்கிறது. அப்பா காலமாகிவிட்டார், பதிவுத் தாள்கள் அவர் பெயரில்தான் உள்ளன. அதை ஓடவைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

தாளில் தொடங்குங்கள் அக்கா, ஸ்பானர் அப்புறம். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் தரும் அதிகாரக் கடிதம் இல்லாமல் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது. வண்டிக்கான வருடாந்திர லைசென்ஸ் கட்டாமல் விட்ட வருஷங்களின் பாக்கியும் அபராதமும் ஏறி நிற்கும். முதலிலேயே கேட்டுத் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தரும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், அது 60 நாள்தான் செல்லும். அதனால் வேலை முடிந்து, வண்டியைப் பதியப் போகும் சமயத்தில் எடுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்: பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகிவிடாதீர்கள். உள்ளே பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசல் ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கத் துளை வழியாகக் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பழைய ஆயிலை மாற்றுங்கள், டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை முழுதும் இறக்குங்கள், அதற்குப் பிறகுதான் சாவி. பிரேக்கில் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகவே போடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று பழையதை விட்டுவைக்காதீர்கள். அப்பா ஓட்டிய வண்டி, நீங்கள் பத்திரமாக ஓட்ட வேண்டும்.

டொங்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?

கொஞ்சம் கெடுக்கும் ஐயா. 2006 முதல் இங்கே ஈயப் பெட்ரோல் கிடையாது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் மெல்ல மெல்லத் தேயும். நிதானமாக ஓட்டினால் பல காலம் தாங்கும். சீரிஸ் 2286 சிசி எஞ்சினில் வால்வு இடைவெளி 0.010 அங்குலம் இருக்க வேண்டும், அதை அடிக்கடி அளந்து பாருங்கள். அது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு சீட் போடும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்யும் ஒரு தம்பி: விலை மிக மலிவாக ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பின்னால் திறந்த பிக்கப் வண்டி) கிடைக்கிறது. தாளில் ‘கோட் 3’ என்று இருக்கிறது. வாங்கலாமா?

கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் ஒருமுறை கழித்துக் கட்டப்பட்டு, மறுபடி கட்டியெழுப்பிய வண்டி. வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடன், காப்பீடு, மறுவிற்பனை மூன்றிலும் இடிக்கும். கோட் 4 என்றால் அது திரும்பச் சாலைக்கு வரவே முடியாது, எவ்வளவு இனிக்கப் பேசினாலும் தொடாதீர்கள்.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே உங்கள் கண்ணால் தாளோடு ஒத்துப் பாருங்கள். அரம் போட்ட தடம் இருந்தால் விலகிவிடுங்கள். வண்டி டர்பன் பக்கத்தது என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கியது, வீட்டு வாசலில் நின்ற வண்டிகளின் கதி கேட்க வேண்டாம். இருக்கை ஓடும் தண்டவாளத்திலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவுங்கள். காய்ந்த வண்டல் ஒட்டினால் வேண்டாம்.

மற்றபடி ஹைலக்ஸ் நல்ல தேர்வு. தினமும் வேலைக்கு ஓட்ட வேண்டும் என்றால் லேண்ட் ரோவரைவிட அதையே சொல்வேன். சீரிஸ் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் கொடுக்கும்.

பீனிக்ஸிலிருந்து: சீரிஸ் 3-இல் ஜப்பான் டீசல் எஞ்சின் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் புது எஞ்சின் எண்ணுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வாங்கிப் பதிய வேண்டும். கூடுதல் இழுவையைப் பழைய கியர்பாக்ஸும் பின் அச்சும் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. குறைந்த பணத்தில் செய்பவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. இருக்கும் எஞ்சினைச் சரிசெய்யுங்கள்.

வெருலத்திலிருந்து: வண்டி தயாரானதும் லெசோத்தோவுக்குப் போகும் சானி கணவாய் மலைப்பாதை ஏறலாமா? கடற்கரையில் ஓட்டலாமா?

கடற்கரையில் கூடாது. 2002 தொடக்கத்திலிருந்து பொழுதுபோக்குக்காக அங்கே வண்டி ஓட்டத் தடை. கோசி பே பக்கத்து மணல் பாதைகளில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், டயர் காற்றழுத்தத்தை ஒரு பார் அளவுக்கு இறக்கிவிட்டு.

சானி தாராளமாக ஏறலாம், உச்சி 2,870 மீட்டருக்கு மேல். ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்த வண்டிக்குச் சோதனை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. உச்சியிலேயே லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர் நிலை) போட்டு, முதல் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். கிளட்சை மிதிக்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி மறுபடியும்: பெயின்ட் எப்போது அடிக்கலாம்?

பிரேக், ஸ்டியரிங், டயர், ஆயில் ஒழுக்கு, விளக்கு எல்லாம் சரியாகி, ரோட்வொர்த்தியும் கிடைத்த பிறகு. பெயின்ட் அடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது: இரும்பு போல்ட்டு அலுமினியத்தைத் தொடும் இடத்திலெல்லாம் நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும், அடித்த பெயின்ட்டும் கூடவே கொப்பளித்துக்கொண்டு வரும்.