ஞாயிறு மாலை வயிற்றுவலி

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கு வயது 39. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பதவி உயர்வு கிடைத்து, ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளன் ஆனேன். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆனாலே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. திங்கள் காலை உச்சத்துக்குப் போகும். செவ்வாய், புதன் பரவாயில்லை. எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. "ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைக் குறைப்பது என்றுதான் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அனுப்பாமல் விட்ட மின்னஞ்சல்கள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. நாற்பது நாள் மூச்சுப்பயிற்சி செய்து பார்த்தேன். செய்யும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அலுவலக வாசலை மிதித்ததும் பழைய கதை.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் இதே நிறுவனத்தில் இரவு பத்து மணி வரை வேலை பார்த்திருக்கிறேன். அப்போது இப்படி இல்லை. இப்போது ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறேன். வேலை குறைந்து வலி கூடியிருக்கிறது என்றால் கோளாறு என்னிடம்தானே? போன வாரம், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரே சந்தேகத்தை இரண்டாவது முறை கேட்டார் என்பதற்காக எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நான் பலவீனமானவனா? வேலையை விட்டுவிடலாமா? இரண்டில் ஒன்றுக்காவது பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வயிற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கடிதத்தின் முக்கியமான இடமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என் கதை. எழுத்து மட்டுமே தொழில் என்றாவதற்கு முன் நானும் ஓர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் இருந்தேன். வேலை என்னை நெருக்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். பல் கூசுகிறது என்று போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், "ராத்திரி பல்லைக் கடிப்பீர்களா?" என்றார். இல்லை என்றேன். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என் கடைவாய்ப்பற்களை எனக்கே காட்டினார். மேடுகள் எல்லாம் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார். பிரமாதம் என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தூங்கும்போது மட்டும் என் தாடை வேறு கருத்தில் இருந்திருக்கிறது.

எப்படி இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று என்று பிறகு தேடிப் படித்தபோது ஹான்ஸ் செல்யே என்ற உடலியல் ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தேன். 1936இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். எலிகளைக் குளிர், காயம், அளவு மீறிய உடலுழைப்பு, மருந்து என்று விதவிதமான தொல்லைகளுக்கு உள்ளாக்கிப் பார்த்திருக்கிறார். தொல்லை எதுவானாலும் உடலுக்குள் நடந்தது ஏறக்குறைய ஒன்றே. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. இதை அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் அபாயமணி, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல். ஆளை ஏமாற்றுவது நடுக்கட்டம். தொல்லை தொடர்ந்துகொண்டே இருக்கும்போதும் உறுப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதுபோல் தெரியும். எலி பழகிவிட்டது என்று தோன்றும். அதற்கும் பிறகுதான் விழும்.

நாம் "சமாளித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நடுக்கட்டத்தைத்தான். சம்பளமும் பாராட்டும் அப்போதுதான் வருகின்றன என்பதால் அதைத் திறமை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே களைப்பை மட்டும் அடையாளமாக வைத்துப் பார்த்தால் பிந்திவிடுவோம். களைப்பு தூங்கினால் போய்விடும், போகாதபோதும் ஒரு காபியில் மறைந்துகொள்ளும். குணம் மாறுவதைத்தான் கவனிக்க வேண்டும். பணிச்சோர்வை நீண்ட காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகம் சொல்கிறார். ஒன்று, வற்றிப்போன உணர்வு. இரண்டாவது, வேலையிடமும் கூட இருக்கும் மனிதர்களிடமும் வரும் விலகல், எரிச்சல், கசப்பு. மூன்றாவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது முகம். "நான் பலவீனமானவனா" என்று கேட்டது மூன்றாவது. அதைக் குணச்சித்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வந்தவன் நெற்றி சுடுவதுபோல அதுவும் ஓர் அறிகுறி.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புலம்பல். தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலை நெருக்கடிக்கும் பயன்படுத்துகிறோம், மனச்சோர்வு என்ற நோய்க்கும் பயன்படுத்துகிறோம். பேச்சில் எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்'. உங்கள் டாக்டர் குறைக்கச் சொன்னது எதை என்று உங்களுக்குப் புரியாததில் ஆச்சரியமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைச் சேர்த்திருக்கிறது. ஆனால் நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடம் சார்ந்த ஒரு நிகழ்வு, சரியாகக் கையாளப்படாத தொடர்ந்த பணியழுத்தத்தின் விளைவு என்று குறித்திருக்கிறார்கள். அதாவது வேர் வேலையில் இருக்கிறது. நீங்களோ இவ்வளவு நாளும் உங்களுக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் புதிருக்கு வருவோம். பத்து மணி வரை உழைத்தபோது வராத வலி ஏழு மணிக்குக் கிளம்பும்போது ஏன் வருகிறது?

1967இல் லண்டனில் சுமார் 18,000 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆய்வு தொடங்கியது. வைட்ஹால் ஆய்வு என்பார்கள். எல்லாரும் ஆண்கள். பெரிய பொறுப்பு, பெரிய நெருக்கடி, ஆகவே மாரடைப்பும் மேலதிகாரிகளுக்குத்தான் என்பது பொதுவான நம்பிக்கை. முடிவு தலைகீழாக வந்தது. கடைநிலை ஊழியர்களின் இதயநோய் மரணம் உயர் அதிகாரிகளுடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும் இடைவெளி மிஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் தெளிவாகத் தெரிந்த காரணங்களில் ஒன்று, தன் வேலைமீது தனக்குள்ள பிடி. எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது முடிப்பது என்பதில் சொந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இதற்கு முன்பே, 1979இல், ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் இதை ஒரு மாதிரியாக வகுத்திருந்தார். வேலைப்பளு அதிகமாக இருந்து, தீர்மானிக்கும் உரிமையும் இருந்தால் மனிதன் வளரவும் கூடும். பளு இருந்து உரிமை இல்லாதபோதுதான் நசுங்குகிறான்.

இப்போது உங்கள் பதவி உயர்வைப் பாருங்கள். முன்பு உங்கள் கையில் இருந்தது உங்கள் வேலை. பத்து மணி ஆனாலும் முடித்துவிட்டுப் போனீர்கள். இப்போது ஏழு பேரின் வேலைக்கு நீங்கள் பொறுப்பு. ஆனால் கெடு குறிப்பது யார்? ஆள் தருவது யார்? பொறுப்பு மேலே வந்திருக்கிறது, அதிகாரம் கூடவே வந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு.

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம், உடம்பு ஏதாவது சொல்லும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே. அவ்வளவுதான். மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் கதை பண்ணிவிடுவோம், அந்தத் தொழில் எனக்குத் தெரியும். பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபின் நானும் இதைச் செய்தேன். என் பதினேழு குறிப்புகளில் பதினொன்று ஒரே மனிதரின் தொலைபேசி அழைப்பை ஒட்டி இருந்தன. மொத்த வேலையுமே என்னை அழுத்துவதாக நினைத்திருந்தேன். அழுத்தியது ஒன்றே ஒன்று, முன்னறிவிப்பில்லாமல் மாறும் கெடு. அதைச் சொல்லத்தான் அவர் கூப்பிடுவார்.

உங்களுக்குத் திங்கள் காலை உச்சம், செவ்வாய் புதன் பரவாயில்லை. அப்படியென்றால் திங்கள் காலை என்ன நடக்கிறது? ஏதாவது கூட்டமா? அதில் யார் வாக்குக் கொடுக்கிறார்கள், அதை யார் காப்பாற்ற வேண்டியிருக்கிறது?

அது தெரிந்ததும் உங்கள் மேலாளரிடம் பேச வேண்டும். ஆனால் "ரொம்ப டென்ஷனாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நாள் லீவு எடுங்கள் என்பார். எடுப்பீர்கள், மூன்றாம் நாள் எல்லாம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த வாரம் கையில் நான்கு வேலை இருக்கிறது. இருக்கிற ஆட்களை வைத்து மூன்றைத்தான் முடிக்க முடியும். எதைத் தள்ளிவைக்கலாம்?" அநேகமாக, எல்லாமே முக்கியம் என்பார். சண்டை போட வேண்டாம். இடத்துக்கு வந்து, "நாம் பேசியபடி இந்த வரிசையில் செய்கிறேன், நான்காவது அடுத்த புதன்கிழமைதான் முடியும், மாற்றம் தேவையென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வரிசையை நீங்கள் தீர்மானித்தாயிற்று. சின்ன விஷயம்தான், ஆனால் பிடி என்பது இப்படித்தான் துண்டு துண்டாகக் கைக்கு வரும். அப்புறம், இனி தேதி குறிக்கும் பேச்சில் நானும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

நேரம் முக்கியமே இல்லை என்று சொல்லவரவில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பத்து மணி நாட்களை ஏக்கத்தோடு நினைக்க வேண்டாம்.

இரண்டு மணி விழிப்புக்கு ஒரு சிறு கைவேலை. முடிக்காத வேலைதான் நினைவில் அதிகம் நின்று குடையும் என்பது ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே எழுதியது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தக் குடைச்சல் அடங்கிவிடுகிறது. கிளம்பும் முன் பாக்கியுள்ள ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நாளை அதில் முதலில் செய்யப்போவதை எழுதிவைத்துவிட்டு எழுந்திருங்கள். எனக்கு இது பலித்தது, எல்லா இரவும் இல்லை.

மூச்சுப்பயிற்சியை விட வேண்டாம். வெளிமூச்சை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும், அது உண்மை. ஆனால் அது ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்கும் பாத்திரம். பாத்திரம் வைத்தும் கூரை ஒழுகுகிறதே என்று நீங்கள் பாத்திரத்தைக் குறை சொல்கிறீர்கள், கூடவே உங்களையும்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சு வலித்தால் டென்ஷன் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விடுமுறை நாளிலும் எதிலும் ருசி இல்லை, இரண்டு வாரமாக மனம் மேலெழும்பவே இல்லை என்றாலும், செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும், அது நான் இங்கே எழுதும் எதிலும் அடங்காது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும், தள்ளிப்போடாமல்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முடிவெடுக்காதீர்கள். நோட்டு நிரம்பட்டும், மேலாளரிடம் பேசுங்கள், இரண்டு மூன்று மாதம் பாருங்கள். தேதி குறிக்கும் இடத்தில் உங்களுக்கு நாற்காலியே கிடையாது என்பது உறுதியானால் வேறு வேலை தேடலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. நான் விட்டேன். கையெழுத்துப் போட எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது அந்தப் பெண். என் நோட்டில் பதினொரு முறை வந்த அந்த மனிதரைச் சொன்னேன் அல்லவா? உங்கள் குழுவில் ஏழு நோட்டுகள் இருந்தால், அவற்றில் சிலவற்றில் உங்கள் பெயர் இருக்கும். மேலிருந்து வருவதை வாங்கி அப்படியே கீழே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள், வேண்டுமென்று இல்லைதான். எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறீர்கள், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். "அன்றைக்கு எனக்கு நெருக்கடி" என்று காரணம் சேர்க்காமல். பிறகு அவருடைய சந்தேகத்தை உட்கார்ந்து தீர்த்துவையுங்கள். இரண்டு முறை கேட்கிறார் என்றால் முதல்முறை சரியாக விளக்காமல் ஓடியிருப்பீர்கள்.

என் பற்களைக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இரவில் மாட்டிக்கொள்ள மருத்துவர் ஓர் உறை செய்துகொடுத்தார். வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. புத்தகம் முடிக்க வேண்டிய மாதங்களில் அதை இன்னும் மாட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்.