டெஸ்டிங் குழு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பதினாறு வருடம் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அதாவது வெளியிடும் முன் சோதித்துப் பிழை பிடிப்பது. இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஆறு பேர் கொண்ட சின்னக் குழு. நகைக்கடை பில்லிங், எஸ்டேட் கணக்கு, இப்படித்தான் எங்களுக்கு வேலை வரும். மதியம் வரை இருப்பேன்.

அக்கா, எட்டு டெவலப்பருக்கு நான் ஒருத்திதான் டெஸ்டர். இன்னும் எத்தனை பேர் கேட்கலாம்?

ஆள் கணக்கு அப்புறம். வேலை உங்கள் கைக்கு எப்போது வருகிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்டு (சோதிக்கத் தயாரான பதிப்பு), திங்கள் காலை ரிலீஸ் என்றால் நாலு பேர் வந்தாலும் நாலு பேரும் சேர்ந்து முழிப்பீர்கள். முதலில் வாடிக்கையாளரோடு பேசும் மீட்டிங்கில் உங்களுக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். ஆறு வாரம் கழித்து ஆள் கேட்கலாம்.

எந்த டெஸ்டர் அதிகம் பக் போடுகிறாரோ, அதாவது பிழை கண்டுபிடித்துப் பதிவு செய்கிறாரோ, அவருக்கு இன்சென்டிவ் தரலாமா?

வேண்டாம். நான் செய்து பட்டிருக்கிறேன். ஒரு பையன் ஒரே எழுத்துப்பிழையைப் பதினொரு திரையில் பார்த்துப் பதினொரு பக் போட்டான். பக்கத்து சீட் பெண், பில் ஏன் சில சமயம் இரண்டு தடவை பதிவாகிறது என்று இரண்டு நாள் துருவிக் கண்டுபிடித்தாள். அவள் கணக்கில் ஒன்றுதான். பணம் அவனுக்குப் போனது, மூன்று மாதத்தில் அவள் வேலையை விட்டாள். தப்பு என்னுடையது.

டெஸ்டிங் கற்க எந்த கோர்ஸ் நல்லது?

கையில் இருக்கும் ஒரு ஆப்பை எடுத்து ஒரு வாரம் உடைத்துப் பாருங்கள். அப்புறம் கோர்ஸ்.

ஏற்காட்டில் காபிப் பழம் எடை போட ஆப் செய்திருக்கிறோம். ஆபீஸில் சரியாக ஓடுகிறது. தோட்டத்தில் ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறிவிடுகிறது.

நல்ல கேள்வி. உங்கள் ஆபீஸ் வைஃபையில் இந்தப் பக் வரவே வராது. மேஸ்திரி 'சேமி' அழுத்துகிறார், பதிவு சர்வருக்குப் போய்விடுகிறது. 'வந்து சேர்ந்தது' என்ற பதில் திரும்புவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. ஆப் அது போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு அது புது மூட்டை. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண் போட்டு அனுப்பினால், இரண்டாவதாக வருவதை சர்வர் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும்.

சோதிப்பது இப்படி: சேமி அழுத்திய அடுத்த நொடி ஃப்ளைட் மோட். இன்னொரு தடவை ஆப்பையே மூடுங்கள். போனின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளிப் பாருங்கள். இதே மாதிரி வேலைக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேரை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஒருவன் பாதியிலேயே வாந்தி. ஆனால் ஆபீஸில் ஒரு மாதமாகக் கிடைக்காத பக் அன்று கிடைத்தது. டெவலப்பரையும் கூட்டிப் போங்கள், எலுமிச்சம்பழமும் எடுத்துப் போங்கள்.

ஆட்டோமேஷன் வந்தால் மேனுவல் டெஸ்டிங் போய்விடுமா மேடம்?

மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். போகாது. செலீனியம் என்ற கருவியில் தானாக ஓடும் நானூறு டெஸ்ட் எழுதி, தினமும் இருபது சிவப்பு (தோல்வி) வந்து, 'அது எப்பவும் வரும்' என்று கடந்துபோகும் குழுதான் போய்விடும். புரோகிராம் கோடு மாறாமலே ஒரு நாள் பச்சை (வெற்றி), ஒரு நாள் சிவப்பு காட்டும் டெஸ்டை இன்றே தனியே எடுத்து வையுங்கள். சரி செய்த பிறகு திரும்பச் சேருங்கள். ஆட்டோமேஷன் டெஸ்ட் எண்ணிக்கையை வைத்தும் இன்சென்டிவ் தராதீர்கள்.

நான் டெவலப்பர். எங்கள் டெஸ்டர் இரண்டு பைசாவுக்கு பக் போடுகிறார். இதெல்லாம் ஒரு பக்கா?

கணக்கைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

மூன்று ஜோடி மெட்டி, ஜோடி 333.50 ரூபாய். ஜிஎஸ்டி 3 சதவீதம்.

மத்திய வரி 1.5, மாநில வரி 1.5. ஜோடி ஜோடியாகப் போட்டால் ஒவ்வொரு வரியும் 5.0025, அதாவது 5 ரூபாய். மூன்று ஜோடிக்கு மொத்தம் 30.00. மூன்றையும் சேர்த்து 1000.50-க்குப் போட்டால் ஒவ்வொரு வரியும் 15.0075, அதாவது 15.01. மொத்தம் 30.02. உங்கள் பில் ஒரு மாதிரியும் மாத ரிப்போர்ட் இன்னொரு மாதிரியும் போடுகிறது, அப்படித்தானே? அவர் போட்டது பக்தான்.

(ஆடிட்டர் ஒருவர்) இரண்டுமே தப்பு. சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் 170-ஆம் பிரிவு வரியை முழு ரூபாய்க்கு மாற்றச் சொல்கிறது.

சொல்கிறது. அதை ஒவ்வொரு பில்லிலும் செய்வதா, கட்டும்போது செய்வதா?

(செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரர்) என் கடையில் கடைசியில்தான் முழு ரூபாய் ஆக்குவோம். ஆடிட்டர் சார் வந்து கல்லாவில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

(ஆடிட்டர்) சட்டம் கல்லாவுக்காக மாறாது.

ஐயா இருவரும் கொஞ்சம் பொறுங்கள். டெவலப்பர் தம்பி, கவனித்தீர்களா? கோடு எழுதும்போது இந்த இருவரில் யாரையாவது கேட்டீர்களா?

கேட்கவில்லை அக்கா. டெஸ்டர் கேட்கச் சொன்னார், டைம் இல்லை என்றேன்.

(வெள்ளிக்கடைக்காரர்) ஒரு போன் போட்டிருந்தால் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பேனே.

மேடம், டெஸ்டிங் கற்க எந்த கோர்ஸ்...

மேலே பாருங்கள்.