தோரா-சான் எங்கே தோற்றான்?

கேள்வி: ஜப்பானின் ‘ஒதோகோ வா சுராய் யோ’ வரிசைப் படங்களைத் தலைசிறந்த நகைச்சுவைப் படங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டைப் பார்த்தேன். ஊர்சுற்றி ஒருவன் வீட்டுக்கு வருகிறான், சண்டை போடுகிறான், ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான், அவள் மறுத்துவிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இதையே 48 முறை எடுத்ததற்குப் பெயர் கலையா, கல்லாப்பெட்டியா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கல்லாப்பெட்டியும்தான். கோடையில் முன்னோரை நினைத்து வழிபடும் ஓபோன் நாட்களுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று ஷோச்சிக்கு திரைப்பட நிறுவனம் பல ஆண்டுகள் இப்படங்களை வெளியிட்டது தர்ம காரியமாக அல்ல. ஆனால் இதைத் தொடங்கிவைத்தவர்கள் பார்வையாளர்கள். 1968-69இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, கடைசி அத்தியாயத்தில் தோரா-சான் என்று எல்லோரும் அழைக்கும் நாயகன் தோராஜிரோவைப் பாம்பு கடித்துச் சாகடித்தார்கள். அதற்கு எழுந்த கண்டனத்தைத் தாங்க முடியாமல்தான், செத்தவனை உயிர்ப்பித்து 1969 ஆகஸ்டில் முதல் படம் வந்தது.

உங்கள் கேள்வியில் நான் மறுப்பது ‘அவள் மறுத்துவிட’ என்னும் இரண்டே சொற்களை. தோரா-சான் ஒவ்வொரு படத்திலும் காதலில் தோற்கிறான் என்பது, இப்படங்களைப் பார்க்காதவர்களும் அரைகுறையாகப் பார்த்தவர்களும் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட செய்தி. பல படங்களில் அது உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1972இல் வந்த 10ஆவது படத்தில், வேறொருவருக்காகத் தூது போன தோராவின் பேச்சை அவனுடைய விருப்பமாகவே எடுத்துக்கொண்டு, அவனோடு வாழச் சம்மதம் என்ற பொருள்பட அந்தப் பெண் பேசுகிறாள். கேட்டவனுக்குக் கால் தளர்ந்துவிடுகிறது. 1982இல் வந்த 29ஆவது படத்தில் ஒருத்தி அவனைத் தனியே சந்திக்கக் காமகுராவுக்கு வரச்சொல்கிறாள். தனியே போகத் துணிவில்லாமல், பள்ளிச் சிறுவனான தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போகிறான் நம் காதல் மன்னன். இவர்களில் எவளும் அவனை மறுக்கவில்லை. ஓடியவன் அவன்தான். ஒரு வீட்டில் தனக்கு இடம் வேண்டும் என்று உயிரை விடுகிறவன், இடம் கிடைக்கிற நேரத்தில் அங்கே உட்கார முடியாமல் தவிப்பதுதான் இத்தனை படங்களிலும் திரும்பத் திரும்ப வருவது.

1975இல் வந்த 15ஆவது படத்தைப் பார்த்தால் இது விளங்கும். தோக்கியோவின் ஒரு மூலையான ஷிபாமாத்தாவில், தைஷாக்குத்தேன் கோயிலுக்குப் போகும் வழியில், அரிசிமாவு உருண்டைகளை விற்கும் கடை தோராவின் சித்தப்பாவுடையது. அந்த வீட்டுக்கு விலை உயர்ந்த முலாம்பழம் ஒன்று அன்பளிப்பாக வருகிறது. தோரா வெளியே போயிருக்கும் நேரத்தில் சித்தி அதை அறுத்து, இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுகிறாள். எல்லோரும் வாயில் வைத்த நேரத்தில் அவன் உள்ளே நுழைந்து, என் பங்கு எங்கே என்கிறான். கணக்கெடுத்தபோது அவனை மறந்துவிட்டார்கள் என்பது எல்லோர் முகத்திலும் எழுதியிருக்கிறது. தின்ற துண்டை அவன் பக்கம் நகர்த்துகிறார்கள். அது நெருப்பில் நெய்யாகிறது. பழத்துக்காகவா பேசுகிறேன், இந்த வீட்டில் என்னை ஓர் ஆளாக எண்ணவில்லையே என்று நாற்பது வயதைக் கடந்த மனிதன் குழந்தையைப் போலக் கத்துகிறான். நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதே நேரத்தில் அவன் பக்கத்து நியாயமும் தெரிகிறது, தலைகுனிந்து நிற்கும் சித்தியின் சங்கடமும் தெரிகிறது. அப்போது அவனைத் திட்டுகிறவள், இரவு விடுதிகளில் பாடி ஊர் ஊராகப் பிழைக்கும் லிலி. நினைத்தபோது போய் நினைத்தபோது வரும் ஒருவனை இத்தனை அன்போடு ஏற்றுக்கொள்ளும் வீடு யாருக்கு வாய்க்கும் என்று வீடில்லாத அவள் கேட்டதும், வீடுள்ள அவன் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். பிறகு மழை வரும்போது குடையோடு ரயில் நிலையத்தில் அவளுக்காக நிற்பவனும் அவனே.

பின்னால், என் அண்ணனுக்கு நீங்கள் மனைவியாக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தங்கை சகுரா தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, என்னைப் போன்றவள் போதுமென்றால் சரி என்கிறாள் லிலி. அந்த நேரம் பார்த்து வந்து சேரும் தோரா, வேடிக்கைக்குத்தானே சொன்னாய் என்று கேட்கிறான். அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், வேடிக்கைக்குத்தான் என்கிறாள். இதை மறுப்பு என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வீர்கள்?

ஒரே கதையை ஏன் இத்தனை முறை என்பதற்கும் லிலியே விடை. அசாவோக்கா ருரிகோ அந்தப் பாத்திரத்தில் 1973, 1975, 1980, 1995 ஆகிய ஆண்டுகளில் வருகிறார். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியை ஒப்பனையால் காட்ட வேண்டிய தேவை இல்லை; திரையில் இருப்பவர்களுக்கு உண்மையாகவே வயதாகிவிட்டது. சித்தப்பாவாக நடித்த முதல் நடிகர் 1972இல் காலமானபின் அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இருவர் வந்தார்கள். கோயில் தலைமைக் குருவாக நடித்த ரியூ சிஷூ 1993இல் மறைந்தபோதோ, அந்தப் பாத்திரத்தில் வேறு எவரையும் அமர்த்தவில்லை. 48 படங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யமாதா யோஜியே இயக்கியதால்தான் இந்தத் தொடர்ச்சி கைகூடியது. கதை மாறாமல் இருப்பதால் மனிதர்கள் மாறுவது பளிச்சென்று தெரிகிறது.

எல்லாப் படங்களும் நல்ல படங்கள் என்று வாதாட மாட்டேன். தொடக்கத்தில் வரும் கனவுக் காட்சிகள் சில வெறும் கோமாளிக் கூத்து. 1989 இறுதியில் வந்த 42ஆவது படம் முதல், தங்கை மகன் மித்சுவோவின் காதலுக்கு அதிக இடம் கிடைக்கிறது. தோரா அறிவுரை சொல்பவனாக ஓரத்துக்குப் போகிறான். தோராவாக நடித்த அத்சுமி கியோஷியின் உடல் தளர்ந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம் என்பது பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. 1996 ஆகஸ்டில் அவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் வேறொரு நடிகரைக் கொண்டு தோராவை உருவாக்க யமாதா முயலவில்லை. 49ஆவது என்று வந்தது பழைய படமொன்றின் மறுபதிப்பு; 2019இல் வந்த 50ஆவது படத்தில்கூடத் தோரா பழைய காட்சிகளில்தான் வருகிறான். நீங்கள் சொல்லும் கல்லாப்பெட்டி மட்டுமே குறி என்றால், புது முகத்துக்கு அந்தக் கட்டம்போட்ட மேலங்கியையும் தொப்பியையும் மாட்டிவிட எத்தனை நாள் ஆகியிருக்கும்?

எந்த இரண்டு படங்களைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. முதல் படத்தையும் லிலி வரும் 11, 15, 25 ஆகியவற்றையும் இதே வரிசையில் பாருங்கள். 48ஆவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஒரே படத்தைத்தான் பார்த்தேன் என்று தோன்றினால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.